காலி டிரம்மும் கறி வாடையும்

வெல்டிங் அக்கா லாரிப் பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக இரும்பு ஒட்டுகிறவர். வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஒரு நாளில் வாரம் முழுவதற்குமான கறியைப் புகையில் வேகவைத்து எடுத்துவிடுவார். அதற்காகப் பழைய எண்ணெய் டிரம் ஒன்றை அறுத்து, உள்ளே மூன்று கம்பித் தட்டுகளும் மேலே ஒரு புகைபோக்கியும் தானே ஒட்டி, வீட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்.

ஒரே தீயில் நான்கு வகைக் கறி என்பது விளையாட்டில்லை. மாட்டின் நெஞ்சுக்கறிக்கு ஒன்பது மணி நேரமாவது வேண்டும். கோழித் தொடைக்கு இரண்டே போதும். ஆகவே காலை ஆறு மணிக்கு நெஞ்சுக்கறியும் பன்றித் தோள்கறியும் மேல்தட்டில் ஏறும். பத்து மணிக்கு விலா எலும்பு நடுத்தட்டில். கோழி மதியத்துக்கு மேல், அதுவும் அடித்தட்டில்தான். பச்சைக் கோழியின் நீர் மற்றதன்மேல் சொட்டக் கூடாது. ஒவ்வொரு கறியிலும் ஒரு வெப்பமானி ஊசி செருகியிருக்கும். வெந்துவிட்டதா என்று கணவர் கேட்டால், முள்ளைப் பார் என்பார். மூக்கை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை.

அந்த வழக்கம் குடியிருப்போர் சங்கத்திடம் இருந்தது. அவர்கள் எழுதிவைத்த விதிப்படி, வாடகைக்கு இருப்பவர்மேல் மூன்று புகார் வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீட்டுக்காரர்மேல் முப்பது வந்தாலும் ஒன்றுமில்லை. செயலாளர் வாரந்தோறும் சருகு கொளுத்தித் தெருவையே இருமவைப்பார். அது சுகாதாரப் பணி. அக்கா வீட்டுப் புகை மட்டும் கறி வாடை.

வாடகைக்கு இருந்த அக்காமேல் இரண்டு புகார் ஏற்கெனவே வந்துவிட்டது. இரண்டாவதில் குறித்திருந்த தேதியில் அக்கா தங்கை வீட்டில் இருந்தார். டிரம் பற்றவைக்கப்படவே இல்லை. அதைச் சொன்னபோது, அப்படியானால் முந்தின வாரத்து வாடையாக இருக்கும் என்றார் செயலாளர்.

பஸ் ஓட்டுகிற கணவர் பயந்துபோனார். வேறு வீடு கிடைப்பது லேசில்லை, ஒரு மாதம் நிறுத்திவைக்கலாமே என்று கெஞ்சினார்.

"நிறுத்துனா தப்புப் பண்ணோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நான் பண்ணல" என்றார் அக்கா.

அடுத்த விடுமுறையன்று வழக்கம்போல ஆறு மணிக்கே தீ மூட்டினார். கரிக்குமேல் நாலு கொய்யா விறகு போட்டு, மூடியைச் சாத்திவிட்டு, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்தரைக்குச் செயலாளர் இரண்டு உறுப்பினர்களோடு வந்தார். மூவர் மூக்கிலும் கைக்குட்டை. மூன்றாவது புகார் தட்டச்சு செய்யப்பட்டுத் தயாராகக் கையில் இருந்தது.

"என்னம்மா இது, கோழியும் பன்னியும் சேர்ந்து குடலப் புரட்டுது. எட்டாம் நம்பர் வீட்டம்மா காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

என்னென்ன வாடை என்பதையும் மணியையும் கடிதத்திலேயே எழுதி மூவரும் கையெழுத்துப் போடும்படி அக்கா பணிவாகக் கேட்டார். செயலாளருக்குக் கரும்பு தின்னக் கூலியா? கோழி, பன்றி என்று எழுதினார். யோசித்து மாட்டையும் சேர்த்துக்கொண்டார். மூவரும் கையெழுத்திட்டார்கள். அக்கா அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு டிரம்மின் மூடியைத் தூக்கினார்.

உள்ளே மூன்று தட்டுகளும் வெறுமையாக இருந்தன.

ஓர் உறுப்பினர் குனிந்து அடியில்கூடப் பார்த்தார்.

"நல்லாத் தேடுங்க சார், கோழி பயந்து ஒளிஞ்சிருக்கும்."

"எங்களயே ஏமாத்துறியா?" என்றார் செயலாளர்.

"நான் வெறகுதான் போட்டேன் சார். கறியப் போட்டது நீங்க."

செயலாளர் கடிதத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்தார். வீட்டு உரிமையாளருக்கு இனி ஒரு புகார் போனால் இந்தப் படம் தெருவிலுள்ள பன்னிரண்டு வீட்டுக்கும் போகும் என்று அக்கா சொன்னார். செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, இந்தத் தடவை மன்னித்துவிடுகிறோம், இனிமேல் கறி மட்டும் வேண்டாம் என்றார்.

மன்னிப்பாம். பொய்யில் பிடிபட்டவர் வழங்குகிற மன்னிப்பு.

அக்கா உள்ளே போய், மசாலா தடவி வைத்திருந்த நெஞ்சுக்கறியையும் தோள்கறியையும் தாம்பாளத்தோடு கொண்டுவந்தார். அவர்கள் பார்க்கப் பார்க்க மேல்தட்டில் வைத்து ஊசிகளைச் செருகினார். மூடியைச் சாத்த முடியாதபடி மூவரும் டிரம்மை மறித்துக்கொண்டு நின்றார்கள்.

"வேக ராத்திரி எட்டு மணி ஆயிடும், அதுவரைக்கும் பொகையும். இப்ப எழுதுனா உண்மையாவே எழுதலாம். தள்ளி நில்லுங்க சார், சூடு போகுது."