சாமிக்கண்ணு ஏன் காட்டிக்கொடுத்தான்

சாமிக்கண்ணுவை அன்றைக்கே அடித்துக் கொன்றிருந்தாலும் நான் குறுக்கே போயிருக்க மாட்டேன். தின்ற சோற்றுக்குத் துரோகம் செய்தவன் அவன்.

மங்கலம்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கடலூருக்கு வந்து எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் சேர்ந்த நாள் முதல் சங்கத் தலைவர் இளவரசுவின் பின்னாலேயே திரிந்தான். அவர் சாப்பிடாமல் இவன் சாப்பிட மாட்டான். அவரை ஏசிய ஒருவனின் பல்லை ஒருமுறை உடைத்துவிட்டான். அதற்கு இளவரசு ஒரு வாரம் இவனோடு பேசவில்லை. கை நீட்டுவது அவருக்குப் பிடிக்காது.

ஸ்டாண்டைப் பிடுங்க ஆண்டி என்ற ரவுடியின் ஆட்கள் வந்தபோதும் அவர் மாறவில்லை. வண்டிக் கண்ணாடிகளை நொறுக்கினார்கள். எங்களில் இரண்டு பேரின் காலை முறித்தார்கள். அவர் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வயிறு எரிந்தது.

ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உடைப்பது வருஷா வருஷம் சாமிக்கண்ணுதான். அந்த வருஷம் காயை இளவரசுவின் கையில் கொடுத்தான்.

"இந்தத் தடவ நீங்க ஒடைங்கண்ணே."

அவர் வண்டிகளைச் சுற்றி வந்து காயைத் தலைக்கு மேலே தூக்கினார். கூட்டத்திலிருந்து நாலு வெளியூர் ஆட்கள் அரிவாளோடு பாய்ந்தார்கள். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. அடுத்ததில் மணிக்கட்டு தொங்கியது. விழுந்த பிறகும் வெட்டினார்கள். தரையில் குங்குமம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே சாமிக்கண்ணு ஸ்டேஷனுக்குப் போனான். காய் உடைப்பவர்தான் இளவரசு என்று ஆண்டிக்கு அடையாளம் சொன்னது தான்தான் என்று ஒப்புக்கொண்டான். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

இளவரசுவின் மனைவி சத்யப்பிரியா என்னிடம் வந்தாள். "அவன் மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். ஏன் செஞ்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுண்ணா. அது தெரியாம எனக்குத் தூக்கமே வரல."

அவளோடு கேப்பர் மலை ஜெயிலுக்குப் போனேன். அவளை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போனேன். யாரோ கொடுத்த பைபிளைப் பிடித்துக்கொண்டு கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"ஏசுவக் காட்டிக்கொடுத்த யூதாசு, அத ஏன் செஞ்சான்னு இதுல ஒழுங்கா இல்ல மச்சான். ஒரு எடத்துல காசுக்குன்றாங்க, ஒரு எடத்துல சாத்தான் பூந்துட்டான்றாங்க. எனக்கென்னமோ, தன்னப் புடிக்க வந்தா சாமி எழுந்து அடிப்பாருன்னு அவன் நம்பியிருப்பான்."

"நீ ஏன்டா செஞ்ச?"

"நானும் அதான் நம்புனேன். ரெண்டு தட்டு தட்டுவானுங்க, அண்ணன் திருப்பி அடிப்பாருன்னு. அரிவாளோட வருவானுங்கன்னு தெரியாது."

அவன் முகத்தில் காறித் துப்ப நினைத்தேன்.

"நீ சொன்னதுதான மச்சான்" என்றான் மெதுவாக. "தம்மேல ஒரு அடி விழுந்தாதான் தலைவருக்கு ரோசம் வரும்னு டீக்கடையில சொன்னியே. போலீசுல உன் பேர நான் சொல்லல."

எனக்கு வாயில் எச்சிலே இல்லை. வெளியே வந்தேன். கேப்பர் மலை வெயிலில் சத்யப்பிரியா அப்படியே நின்றிருந்தாள்.

"என்னண்ணா சொன்னான்?"

"காசுக்குத்தானாம்" என்றேன்.