மூக்கர் சொன்ன ‘சுத்தம்’

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கூடத்தில் எல்லோருக்கும் அவர் மூக்கர். டீசல் குடித்தே வளர்ந்த கப்பல் எஞ்சினுக்கு அம்மோனியா குடிக்கப் பழக்குகிற ஆராய்ச்சிக்கூடம் அது. அம்மோனியாப் புகையில் கரி இருக்காது, அதுதான் அதன் பெருமை. ஆனால் லேசில் பற்றாது. கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்தால்தான் வழிக்கு வரும். கசிந்தாலோ கண்ணையும் நெஞ்சையும் பதம் பார்த்துவிடும். கசிவைக் காட்டச் சுவரில் ஒரு கருவி உண்டு. அது கத்துவதற்கு முன்பே ஃபிட்டரான நம்மவர், “இந்தக் குழாய் மூட்டுலதான்” என்று கைகாட்டிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகிற போக்கில் வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

“வேலை செய்ற இடத்துல சொல்லிடுங்க.”

“சொன்னா மூக்கர்ங்கற பேரு போயிடும். அப்புறம் நானும் பத்தோட பதினொண்ணு.”

இல்லாத மூக்கு அறுபட்டுவிடுமே என்று மனுஷனுக்குப் பயம்! கருவிதான் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தினமும் காலையில் குழாய்ப் பக்கம் முகத்தை நீட்டி, “சுத்தம்” என்று சொல்லிவந்தார்.

ஒரு திங்கட்கிழமை கருவியைச் சரிபார்க்கக் கழற்றியிருந்தார்கள். எஞ்சின் ஓடவில்லை, குழாயில் ஓர் அளவு எடுத்தால் போதும். இன்ஜினியர் பெண் முகமூடியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள்.

“அண்ணே, மூக்கு என்ன சொல்லுது?”

“சுத்தம். போம்மா.”

சன்னமாகக் கசிந்துகொண்டிருந்த மூட்டு, அவள் கை பட்டதும் பீறிட்டது. அவர்தான் அவளை வெளியே இழுத்துவந்து, கண்ணில் தண்ணீரை ஓடவிட்டார். ஓடிவந்தவர்கள் எல்லாம் அவரைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் செருப்படியாக விழுந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு கண்ணிலும் கட்டோடு படுத்திருந்தாள். பார்வைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண் கட்டியிருந்த முகத்தைக்கூட அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“வருத்தப்படாதீங்கண்ணே. முகமூடி போடாதது என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க மூக்குக்கே தெரியலைன்னா, அது திடீர்னு வந்த கசிவாத்தான் இருக்கணும்.”

அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை.

“மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியலைம்மா. யார்கிட்டயும் சொல்லலை.”

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் கேட்டதோ வேறு.

“போன மாசம் வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் எஞ்சினைக் காட்டினோமே. என் பொண்ணை உள்ள கூட்டிட்டு வரலாமான்னு உங்களைத்தானே கேட்டேன்?”

“ஆமாம்மா. ‘சுத்தம்’னு சொன்னேன்” என்றார்.