கிராசியேலா எழுதிக் கொடுத்த பெயர்

அமெரிக்காவில் எங்கள் ஊர் பெர்த் அம்பாய். இதை இப்போதுதான் வாய் திறந்து சொல்கிறேன். இரண்டு வருஷம் முன்பு வரை கோயிலில் யாராவது "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால், "எடிசன் பக்கம்" என்று மழுப்புவேன். நம்மவர்கள் நிறைந்த எடிசனில் வாடகை கட்டுப்படியாகாமல், மெக்சிகோக்காரர்களும் டொமினிக்கன்காரர்களும் கூலி வேலைக்குப் போய்வரும் தெருவுக்குக் குடிவந்தோம் என்று சொல்ல எனக்குக் கௌரவக் குறைச்சல். திருப்பூரிலிருந்து வந்தவளுக்கு அத்தனை மிதப்பு!

மாடி வீட்டு கிராசியேலா ஒரு நாள் இதைக் கேட்டுவிட்டாள். நான் போனில் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தேன். எடிசன் என்ற பெயர் காதில் விழுந்ததே போதும்.

"வானி, உன் வீடு இங்க. உன் குப்பைத்தொட்டி இங்க. ஊர் மட்டும் எடிசனா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். வான்மதி என்ற என் பெயர் அவள் வாயில் வானிதான். எங்களுக்குள் ஓடியது பாதி இங்கிலீஷ், மீதி கை ஜாடை.

பதினாலு வயதில் மெக்சிகோவிலிருந்து வந்தவள். இப்போது நாற்பத்தாறு. லாண்டரி ஒன்றில் நாள் முழுக்கத் துணி மடிப்பாள். புருஷன் செத்து ஆறு வருஷம். இங்கே பிறந்த பதினொரு வயது மகள் யாரெட்சி மட்டும்தான் துணை. முப்பத்திரண்டு வருஷமாகியும் கிராசியேலாவிடம் குடியுரிமைக் காகிதம் எதுவும் கிடையாது. ஆனால் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிட்டு அவளிடமிருந்து தப்ப முடியாது. தெருமுனையில் புதர் மண்டிக் கிடந்த காலி மனையை, நாற்பது பெண்களைத் திரட்டி, ஞாயிறு ஞாயிறாக வெட்டிச் சுத்தம் செய்து, ஊஞ்சல் போட்டு, சுவரில் ஊர் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதி வைத்தவள் அவள். என்னையும் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே புளிசாதம் கட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே புளிசாதம் எங்கே என்று கேட்டார்கள்.

போன வருஷம் எல்லாம் தலைகீழானது. காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்க, முகமூடி போட்ட குடியேற்றத் துறை ஆட்கள் நம்பர் தெரியாத வேன்களில் வந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. ஊஞ்சலில் பிள்ளைகளைக் காணோம். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே ஜன்னல் திரையை இழுத்து மூடுவேன். எங்களிடம் விசா இருக்கிறது, அப்படியும் மூடுவேன்.

கிராசியேலா அதே நாற்பது பெண்களை மறுபடி கூட்டினாள். இந்த முறை வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்வி. "உன்னைப் பிடிச்சிட்டுப் போயிட்டா, ஸ்கூல்ல இருந்து பிள்ளையை யார் கூட்டிட்டு வருவாங்க?" ஒவ்வொரு தாயும் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்து அவசரப் படிவத்தில் எழுத வைத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்கு நகர்வாள். எல்லாருக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தவள், கடைசியில் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"யாரெட்சிக்கு உன் பேரை எழுதட்டுமா? என் ஆளுங்க யாருக்கும் காகிதம் இல்ல, ஸ்கூல்ல ஐடி காட்டப் பயப்படுவாங்க."

எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் கிரீன் கார்டு பதினோரு வருஷமாக வரிசையில் நிற்கிறது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். நம் வாயில் அது வருமா? காபி போட்டுக் கொடுத்தேன். யாரெட்சிக்கு முறுக்கு கட்டிக் கொடுத்தேன். "அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். அவரிடம் கேட்கவே இல்லை. அதன்பிறகு மூன்று வாரம், மாடிப்படியில் அவள் காலடி கேட்டால் கதவை மூடிக்கொண்டேன். என்ன பிழைப்பு இது என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லாண்டரி வாசலில் வைத்து அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு ஊர் சொல்கிறார்கள். எதுவும் உறுதியில்லை.

பதினொன்றரைக்குப் பள்ளியிலிருந்து போன். "யாரெட்சியோட அம்மாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்களாம். அவசரப் படிவத்துல உங்க பேர்தான் இருக்கு. மூணு மணிக்குள்ள யாரும் வரலைன்னா அரசாங்கக் காப்பகத்துக்குத்தான் சொல்லணும்."

ஆபீசிலிருந்த என் கணவர் திருமூர்த்தியைக் கூப்பிட்டேன்.

"உன் பேரா? யாரைக் கேட்டு எழுதினா?"

"நான் முடியாதுன்னு சொல்லலீங்க."

"போகாத வானு. ஐடி காப்பி எடுப்பாங்க. ஒரு காப்பி போதும், பதினோரு வருஷம் மண்ணாப் போயிடும். நமக்கெதுக்கு வம்பு?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்.

மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு இருபதுக்கு என்னை அறியாமல் கார் சாவியை எடுத்திருந்தேன். வழியில் கறுப்பு வேன் ஒன்று பின்னால் வந்தது. பார்த்தால், உள்ளே ஏணியோடு ஒரு பெயிண்டர். முருகா, உயிரே போய் வந்தது! பள்ளி அலுவலகத்துப் பெண் என் லைசென்சை வாங்கிக் காப்பி மெஷினில் வைத்தாள். அந்தப் பச்சை வெளிச்சம் ஓடி முடிகிறவரை நான் மூச்சு விடவில்லை.

யாரெட்சி பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தாள். காரில் ஏறி பெல்ட் போட்டாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள்.

"அம்மா உங்க பேரை எழுதறப்போ, ஆன்ட்டி ஓகே சொன்னாங்களான்னு நான் கேட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"சொல்லலைன்னு சொன்னா. நீங்க பயந்து ஒளியறீங்க, உங்களுக்கு மூஞ்சிக்கு நேரா நோ சொல்ல வராதுன்னு சொன்னா. ஆனா என்னை அங்க விட்டுட்டு வீட்ல உக்காரவும் உங்களுக்கு வராதாம்."

தெரிந்திருக்கிறது. நான் கதவைச் சாத்திய ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் தன் பெண்ணை என் பெயரில் எழுதிவைத்திருக்கிறாள்.  பிள்ளை முன்னால் அழக்கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"இன்னிக்கு நான் எங்க தூங்கறது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்ல. என் பக்கத்துல."

யாரையும் கேட்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, காரை எங்கள் தெருப் பக்கம் திருப்பினேன்.