சின்னுசாமி வாய் திறக்காத நாள்

ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே நாலு மைலில் பஸ் நிற்கும். இறங்கினால் முதலில் கண்ணில் படுவது பால் சொசைட்டி. சொசைட்டிக்குள் முதலில் கண்ணில் படுவது சின்னுசாமி. சம்பந்தம் விசாரிக்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு ஊருக்குள் போய் நாலு பேரைக் கேட்டு அலைகிற சிரமம் இப்படித்தான் மிச்சமானது. எழுபத்து மூன்றில் சொசைட்டி வந்ததிலிருந்து அந்த ஊரில் எந்தக் கல்யாணமும் அவரைத் தாண்டி நடந்ததில்லை. நடக்காத கல்யாணங்களும் அப்படித்தான்.

அவர் வேலை பால் சோதிப்பது. வரிசையில் வருகிறவர்களின் தூக்குப்போசியிலிருந்து கொஞ்சம் பாலைக் குவளையில் ஊற்றி, கண்ணாடி மீட்டரை மிதக்கவிட்டு, அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அந்த எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இருபத்தெட்டு என்றால் நல்ல பால். அதற்குக் கீழே இறங்க இறங்கத் தண்ணீர். எண்ணோடு அவர் கடமை முடிந்துவிடும். ஆனால் சின்னுசாமி எண்ணைச் சொல்லிவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அந்த ஆளை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குச் சம்பளம் கிடையாது. சொந்த ஆர்வத்தில் செய்துவந்தார்.

பாலில் தொடங்கியது பாலோடு நிற்கவில்லை. குடையை மடிக்கிற விதத்தை வைத்து, புதிதாக வந்த வாத்தியார் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று கண்டுபிடித்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தலைசீவுகிறவன் குடும்பம் நடத்தமாட்டான் என்றார். இவற்றில் ஒன்றிரண்டு சரியாகவும் இருந்து தொலைத்ததுதான் கெடுதல். ஊரே அவரை நம்பிவிட்டது. ஊருக்கு முன்பே அவர் நம்பியிருந்தார்.

ராசப்பன் அவருக்குப் பங்காளி முறை, வயதில் மூத்தவர். மற்றவர்களெல்லாம் தோட்டத்துக்குள் இருக்கிற சாளை வீடுகளிலிருந்து அரை மணி நேரம் பால் சுமந்து வருவார்கள். ராசப்பன் வீடு சொசைட்டிக்கு நேர் பின்னால். அவர் மகள் சௌந்திரம் கறந்த கையோடு, நுரை அடங்குவதற்குள் கொண்டுவந்து முதல் ஆளாக நிற்பாள். தினமும் இருபத்தைந்து. சில நாள் அதற்கும் ஒரு மயிரிழை கீழே. சின்னுசாமி "இருபத்தஞ்சு" என்று சொல்லும்போது வரிசை கொஞ்ச நேரம் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொள்ளும். மாடு பக்கத்தில், தண்ணீர்த் தொட்டி அதைவிடப் பக்கத்தில் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பங்காளி என்பதற்காக எண்ணைக் கூட்டிச் சொல்லாத தன் நேர்மையை நினைத்து அவருக்கே அவ்வப்போது கண் கலங்கும்.

எழுபத்தாறு தை மாதம் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சௌந்திரத்துக்கு அப்போது பத்தொன்பது வயது. மாப்பிள்ளைக்கு லாரிப் பட்டறை. ஜாதகம் பொருந்திவிட்டது, இந்த விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி. சின்னுசாமி அவர்களை உட்காரவைத்து, பால் காய்ச்சிக் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பங்காளி ஊடுங்க, நானே சொல்லக் கூடாது. தெனமும் இருபத்தஞ்சுதான் நிக்குது. பால்ல கை வெக்கறவங்க எல்லாத்துலயும் வெப்பாங்கன்னு நாஞ் சொல்ல மாட்டனுங்க."

மூன்று பேரும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பின் அமைந்த இரண்டு இடங்கள் சின்னுசாமியிடம் வரவே இல்லை. வந்து கேட்கத் தேவையில்லாதபடி விஷயம் அவர்கள் ஊருக்கே போய்ச் சேர்ந்திருந்தது. சௌந்திரம் தினமும் பால் கொண்டுவந்தாள், எண்ணைக் கேட்டாள், காலிப் போசியோடு திரும்பினாள். அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லாததைக் கவனித்த சின்னுசாமி, நெஞ்சழுத்தக்காரி என்று அதையும் குறித்துக்கொண்டார்.

எண்பத்திரண்டு சித்திரையில் சேலத்திலிருந்து பாலசுந்தரம் என்கிற புது சூப்பர்வைசர் வந்தார். இளவயது, ஒல்லியான ஆள். ஆளைப் பார்த்ததுமே ஒன்றும் தெரியாதவன் என்று சின்னுசாமி தீர்மானித்துவிட்டார். முதல் பால் சௌந்திரத்துடையது. மீட்டர் இருபத்தைந்தில் நின்றது. பாலசுந்தரம் குவளையின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பார்த்தார். போசியை ஒரு அண்டாத் தண்ணீரில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டு மற்றவர்களின் பாலை அளக்கச் சொன்னார். அரை மணி கழித்து அதே பாலை மறுபடி ஊற்றினார். இருபத்தெட்டைத் தாண்டிக் கால் கோடு மேலே நின்றது.

"கறந்த சூட்டோட பாலு லேசா இருக்குமுங்க. மீட்டரு கூடக் கொஞ்சம் முழுகிரும், எண்ணு கொறையும். ஆறவெச்சுத்தான் பாக்கோணும். உங்களுக்கு ட்ரெயினிங்ல சொல்லலீங்களா?"

சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் சேலத்தில் மூன்று நாள் பயிற்சி. அதைச் சொல்லிக்கொடுத்த பிற்பகல் சின்னுசாமி, தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எப்படிப்பட்டவன் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

தொலைவிலிருந்து வந்த பாலெல்லாம் வழியிலேயே ஆறி நல்ல பெயர் வாங்கியது. ஊரில் முதலில் வந்த பால் மட்டும் தண்ணீர்ப் பால் ஆனது. சௌந்திரம் சுவரோரம் நின்று அத்தனையையும் கேட்டாள். பிறகு போசியைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சின்னுசாமி சொன்னார், ராசப்பண்ணன் பாலில் என்றைக்குமே தண்ணீர் இருந்ததில்லை, தப்பு தன்னுடையது என்று. வரிசையின் நடுவிலிருந்து அங்கமுத்து என்கிற எருமைக்காரர் மெதுவாக, "ஆமாங்க, சூப்பர்வைசரு வந்ததுலருந்து இல்லீங்க" என்றார். வரிசை சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆனது. ஒன்பது வருடம் அவரே பழக்கிவைத்த வரிசை.

இனி யாரையும் எடை போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தார். வாயைக் கட்டுவது சுலபமாக இருந்தது. உள்ளே ஓடுவதை நிறுத்தத்தான் முடியவில்லை. முகத்தைப் பார்த்தால்தானே என்று தலையைக் குனிந்துகொண்டார். பத்தே நாளில் குதிகால் வெடிப்பை வைத்து ஆட்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டிருந்தார். சாமி கும்பிட்டார். விரதம் இருந்தார். விரதம் இருக்காதவர்களைப் பற்றி ஒரு எண்ணம் வந்தது, விரதத்தையும் விட்டார். ஒரு நாள் சாப்பாடு போடும்போது மனைவி கண்ணாத்தாள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னிக்கு முச்சூடும் ஒருத்தரையும் ஒண்ணுஞ் சொல்லலீங்களே. காய்ச்சலுங்களா?"

இரண்டு வருடம் பிடித்தது. எண்பத்து நாலு ஆவணியில் ஒரு காலை, நாற்பது பேரின் பாலைச் சோதித்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, நாற்பது பேரில் ஒருத்தரைப் பற்றியும் தன் மனதில் ஒன்றும் ஓடவில்லை என்று. பல்வலி நின்றதை வெகுநேரம் கழித்து உணர்வதுபோல் இருந்தது. கண்ணாத்தாளிடம் சொன்னால் பெருமையடித்ததாகும் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் ராசப்பன் சொசைட்டி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "நாளைக்கு ஒரு எடத்துலருந்து வாராங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். பனமரத்துப்பட்டிப் பக்கம், இரண்டாம் தாரம், ஏரிக்குக் கீழே ஆறு ஏக்கர், தாயில்லாத இரண்டு வயதுக் குழந்தை. சௌந்திரத்துக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. இதைவிட்டால் இனி இடமில்லை என்பதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சௌந்திரமே சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் புடவை எடுத்து வந்தாள் என்றும், கூடவே குழந்தைக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள் என்றும் கண்ணாத்தாள் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அண்ணன் செங்கோட்டையன் காலை பத்து மணி பஸ்ஸில் இறங்கினார். நேராகச் சொசைட்டிக்குள் வந்தார். கொடுத்த பால் டம்ளரை வாங்கிக்கொண்டு, ராசப்பன் வீடு எப்படி என்று கேட்டார்.

இரண்டு வருடப் பயிற்சி, யோசிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "நான் ஆரைப் பத்தியும் ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க. அதெல்லாம் உட்டுட்டனுங்க."

எடுத்த முடிவைக் காப்பாற்றிய நிறைவோடு நிமிர்ந்தவர் எதிரே பார்த்தார். செங்கோட்டையன் கையில் டம்ளர் பாதி வழியில் நின்றிருந்தது. பத்து வருடமாக ஊரில் ஒருத்தரைப் பாக்கி வைக்காமல் பேசிய மனிதர், ஒரு வீட்டைப் பற்றி மட்டும் பேச மறுக்கிறார் என்றால் அங்கே என்ன இருக்க வேண்டும்? முகத்தைப் படிக்கிற பாழாய்ப்போன வித்தை சின்னுசாமிக்கு மறந்திருக்கவில்லை. பதறிப்போனார். தங்கமான குடும்பம் என்றார், அந்தப் பெண்ணைப்போல் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்றார். கறந்த சூடு, மீட்டர், அண்டாத் தண்ணீர், சூப்பர்வைசர் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினார். செங்கோட்டையன் கேள்விப்பட்டிராத பழியையும் சேர்த்து அவரே சொல்லி, அவரே மறுத்தார். சொல்லச் சொல்ல எதிரே இருந்தவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"நீங்க அவங்களுக்குப் பங்காளிங்களா?"

"ஆமாங்க."

"அதானுங்க" என்றார் செங்கோட்டையன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். பின்னால் ராசப்பன் வீட்டில் வடை சுடுகிற வாசனை சொசைட்டி வரை வந்துகொண்டிருந்தது. சேலம் பஸ் வந்தது, அவரை ஏற்றிக்கொண்டு போனது.

மத்தியானம் சின்னுசாமி அந்த வீட்டுக்குப் போனார். ராசப்பன் திட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்ன தம்பி சொன்னே?"

"நல்லதுதானுங்கண்ணா சொன்னேன். அத்தனையும் நல்லதுதான்."

"அதுக்கு முன்னால?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க."

ராசப்பன் தலையை ஆட்டினார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் ஒரு நொடி நின்று மறுபடி தொடர்ந்தது.

யாரும் வரவில்லை அதன் பிறகு. எண்பத்தைந்தில் சௌந்திரம் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். காலை ஆறரை பஸ். தினமும் பத்து நிமிடம் சொசைட்டி வாசலில் நிற்பாள். பால் கொண்டுவருவது இப்போது ராசப்பன். அவள் சின்னுசாமியைப் பார்த்தால் சித்தப்பா என்பாள், கண்ணாத்தாளின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று விசாரிப்பாள், பிறகு ரோட்டைப் பார்த்துக்கொள்வாள். அந்த முகத்தில் அவர் கோபத்தைத் தேடினார், வெறுப்பைத் தேடினார். மன்னிப்பு இருந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஊரையே அளந்தவருக்கு, அவள் தன்னை எந்தக் கோட்டில் வைத்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. பால்காரர்களின் முகம் தெரியவில்லை, பெயர் தப்பியது.

மார்கழியில் ஒரு நாள், சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் நின்றபோது, குவளையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"அம்மிணி, என்னயப் பத்தி நீ என்னதான் நெனைக்கறே? திட்டிப்போட்டாச்சும் போ சாமி."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். பனியில் வருகிறது எந்த ஊர் பஸ் என்று போர்டைப் பார்ப்பதுபோல், தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு மட்டும் பார்த்தாள்.

"பஸ்சு வந்துருச்சுங்க சித்தப்பா" என்றாள்.

வந்துதான் இருந்தது. ஏறிப் போய்விட்டாள். உள்ளே வரிசையில் யாரோ, நேரமாகிறது என்று சத்தம் போட்டார்கள்.