அண்ணனுக்குக் கிடைத்த அன்ஃபிட்

குவைத் போவதற்கான மெடிக்கல் செக்கப்புக்கு அண்ணன் சென்னைக்குப் போனார். அதற்கு முன்பே பீங்கான் கம்பெனி வேலையை விட்டு, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டும் வந்துவிட்டார். "மெடிக்கல் சும்மா சடங்குதாங்க" என்று மங்கலம்பேட்டை ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

மறுநாளே அண்ணன் திரும்பி வந்தார். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு சிறிய தழும்பு. சின்ன வயதில் டி.பி. வந்து, மாத்திரையில் ஆறிப்போனது. முடிவு: அன்ஃபிட்.

எங்கள் ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சளியையும் சோதித்தார்.

"உங்களுக்கு ஒரு நோயும் இல்ல. ஆறுன தழும்பு."

"அப்ப அது மறையறதுக்கு மருந்து எழுதுங்க சார்" என்றார் அண்ணன்.

"தழும்புக்கு என்னத்த எழுதறது?"

"ஃபிட்டுன்னாவது எழுதிக் குடுங்க."

"நான் எழுதுனா அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

அன்று அன்ஃபிட் என்ற சொல்லின் பொருள் எனக்குப் புரிந்தது. அது நோயின் பெயர் அல்ல. இன்ன வேலைக்கு, இன்ன நாட்டுக்கு, அவர்களுடைய விதிப்படி இந்த உடம்பு ஆகாது என்பது மட்டும்தான். நோய் என்றால் வைத்தியம் பார்க்கலாம். இதற்கு வைத்தியமும் இல்லை. மற்ற வளைகுடா நாடுகளுக்கு முயன்றாலும் இந்த முடிவு கம்ப்யூட்டரில் தெரிந்துவிடும் என்றார் ஏஜெண்ட்.

தெருவில் அதற்கு வேறு பொருள் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டம்மா தன் பிள்ளையை எங்கள் வாசலுக்கு விடவில்லை. மற்றவர்கள், "என்னங்க, பிளைட்டு இன்னும் கெளம்பலியா?" என்றார்கள். அண்ணன் பகலில் வெளியே வருவதை நிறுத்தினார். டீ குடிக்கக்கூடப் போவதில்லை. "வூட்டுலயே எத்தன நாளு உக்காந்திருப்பீங்க?" என்று அண்ணி ஒருநாள் கேட்டுவிட்டார்.

அண்ணன் பழைய கம்பெனிக்கே திரும்பப் போனார். நானும் கூடப் போனேன்.

"வாப்பா குவைத்து! அதுக்குள்ள சம்பாரிச்சுட்டியா?" என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பிறகு எக்ஸ்ரே கவரை நீட்டினார்.

"நெஞ்சுல தழும்பு இருக்குதுங்கறாங்க மேஸ்திரி."

மேஸ்திரி அதை வாங்கவில்லை. "இங்க யாருப்பா நெஞ்சப் பாக்கறா? கை நல்லாத்தானே இருக்குது?"

அண்ணனுடைய பழைய இடத்தில் வேறு ஆள் இருந்தான். காய்ந்த பீங்கான் ஃபியூஸ் கட்டைகளின் விளிம்பைத் தேய்க்கும் இடத்தில்தான் ஆள் தேவை. கம்பெனியிலேயே அதிகம் புழுதி பறக்கும் மூலை அது. இந்த நெஞ்சுக்கு ஆகாதது தூசு ஒன்றுதான் என்று, நாங்கள் கிளம்பும்போது டாக்டர் சொன்னது எங்கள் இருவருக்குமே தெரியும்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கவரை என் கையில் கொடுத்தார். கைக்குட்டையை மூக்கின் மேல் கட்டிக்கொண்டு, முதல் கட்டையை எடுத்தார்.