தலைவரின் ரத்தத்தில் மிஞ்சிய அமிலம்

தோட்டத்துக் கோவில் கமிட்டித் தலைவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவந்தார்கள். நான் அங்கே தாதி, எல்லாருக்கும் மிஸ்ஸி. பாடாங் செராய் பக்கம் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. மதுவை எதிர்த்துப் பேச மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மாட்டார். குடிகாரன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்பார். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வந்துவிடுவார்.

அன்று பேச்சில்லை, மூச்சுதான். ஓடிவந்தவர்போல ஆழமாக, வேகமாக இழுத்துக்கொண்டிருந்தார். கண்ணெதிரே வெள்ளையாகப் புகை தெரிகிறது என்றார். பயிற்சி மருத்துவர், தூக்க ஊசி போட்டு மூச்சை அடக்கலாமா என்று கேட்டார். பெரிய டாக்டரம்மா சீறினார். அந்த மூச்சுதான் உடம்பிலுள்ள அமிலத்தைச் சமாளிக்கிறது, அதை அடக்கினால் ஆள் போய்விடுவார் என்றார்.

ரத்தப் பரிசோதனையில் அமிலம் எக்கச்சக்கம். சர்க்கரையால் வந்ததா? இல்லை. சிறுநீரகமா? இல்லை. தெரிந்த அமிலங்களையெல்லாம் கழித்த பிறகும் பெயர் தெரியாத ஒன்று மிஞ்சியது. என்ன குடித்தார் என்று டாக்டர் மலாய் மொழியில் கேட்டதை நான் அவர் மனைவியிடம் தமிழில் கேட்டேன்.

"சாமி சத்தியமா அவரு தொடமாட்டாரு மிஸ்ஸி. இஞ்சித் தண்ணிதான்."

மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத் தலைவரின் காதருகே குனிந்தேன். "அண்ணே, மறைச்சா கண்ணு போயிரும்லா."

"ஒரே ஒரு போத்தல்தான்மா. வெள்ளிக்கிழமை, கமிட்டி மீட்டிங்குல."

சம்சு என்கிற மலிவான கள்ளச் சாராயம். அதில் கலந்திருந்த மெத்தனால் என்ற விஷத்தைக் கல்லீரல் அமிலமாக மாற்றிக்கொண்டிருந்தது.

"வேற யாரு குடிச்சா?"

கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அண்ணே, அவங்களும் செத்துருவாங்க."

மானமா உயிரா என்று அவர் யோசித்த நேரத்தில் நான் இரண்டு ஊசி போட்டு முடித்தேன். "செயலாளரு, பொருளாளரு," என்றார் கடைசியில். "வெளிய சொல்லிராதம்மா."

அமிலத்தைத் தணிக்க பைகார்பனேட் ஏற்றினோம். டயாலிசிஸ் தொடங்கும்வரை நல்ல மது வேண்டும் என்றார் டாக்டர். அது உள்ளே இருந்தால் கல்லீரல் முதலில் அதைக் கவனிக்குமாம், விஷத்தைத் தொடாதாம். விஸ்கி வாங்க மனைவியே போனார். செத்த எலியைப் பிடித்தவர்போலக் கையை நீட்டிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன பிராண்டுன்னு கேக்குறான் மிஸ்ஸி கடைக்காரன். நான் என்னத்தச் சொல்ல?"

மூக்குக் குழாய் வழியாக நான்தான் ஊற்றினேன். மணிக்கொரு முறை, அளந்து, சீட்டில் கையெழுத்துப் போட்டு. சிரிப்பு வரவில்லை என்றால் பொய்.

மதியத்துக்குள் செயலாளரும் பொருளாளரும் வந்துசேர, அடுத்தடுத்த கட்டில்களில் கமிட்டி கூடிவிட்டது. செயலாளர் முழுசாகத் தப்பினார். பொருளாளருக்கு இரண்டு கண்ணும் போயின. தலைவர் வீட்டிலேயே வாயைத் திறந்திருந்தால் அவரையும் முன்னமே கொண்டுவந்திருக்கலாம். இதைத் தலைவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்தார்.

தலைவருக்குப் பார்வை மங்கியதோடு சரி. ஊரில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லச் சொன்னாராம். வீட்டுக்குப் போகிற அன்று கதவு எங்கே என்று தடவிக்கொண்டே, "கையப் புடி," என்றார்.

முன்னால் போன மனைவி திரும்பிப் பார்க்கவே இல்லை. "கண்ணு இருக்குல்ல? பாத்து வாங்க."