விதூஷகன் நுழைந்த மெட்டு

அந்த மெட்டு என்னுடையது இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பவானிபூரில் ஒரு நாடகக் குழு, பழைய சம்ஸ்கிருத நகைச்சுவை நாடகம் ஒன்றைப் பெங்காலியில் போட்டது. இசை என் பொறுப்பு. கோமாளியான விதூஷகன் மேடைக்கு வரும் இடத்துக்கு மட்டும் ஒன்பது மெட்டுகள் போட்டேன். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு இயக்குநர், "ஹாசி பாச்சே நா, தாதா" என்றார். சிரிப்பு வரவில்லையாம். அரங்கேற்றத்துக்கு இரண்டே நாள். ஆர்மோனியத்தைத் தொடவே பயமாக இருந்தது.

கடைசியில் என் அக்காவின் ஒப்பாரியை எடுத்தேன். போன வருடம் பக்கத்து ஊரான சாந்த்ராகாச்சியில் அத்தான் இறந்தபோது, அவர் தலைமாட்டில் உட்கார்ந்து அவளே கட்டிப் பாடியது. வேகத்தைக் கூட்டினேன். இந்தப் பெங்காலி ஊரில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இயக்குநர் விழுந்து விழுந்து சிரித்தார்.

முதல் நாள் காட்சியில் அரங்கமே சிரித்தது. வாசித்தபடியே நிமிர்ந்தேன். மூன்றாவது வரிசையில் அக்கா. என்னிடம் சொல்லாமலே வந்திருந்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் வெளியே அவள் எதிரில் போய் நின்றேன். காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. அவளே பேசினாள்.

"ரெண்டாவது அடியில இறங்கணும்டா. நீ ஏத்திட்ட."

அவ்வளவுதான். பஸ் ஏறிப் போய்விட்டாள்.

மறுநாள் அவள் சொன்னபடியே இறக்கி, மெதுவாக வாசித்தேன். விதூஷகன் வந்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. இயக்குநர் என்னை முறைத்தார். நான் கடைசி அடிவரை வாசித்தேன். திருடியதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.